அடுப்பில் பூத்த ஆம்பி: கவிதையில் ஒரு பொருள் எப்போது குறியீடாகிறது?

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கவிதை பேசும் மாலைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் அடிக்கடி காதில் விழும் சொல் 'குறியீடு'. கவிதையில் சன்னல் வந்தால் விடுதலையின் குறியீடு என்கிறார் ஒருவர். விளக்கு வந்தால் அறிவு, பறவை வந்தால் சுதந்திரம், அடைத்த கதவு வந்தால் மனத்தடை என்று அடுத்தவர் அடுக்குகிறார். புதிதாக வாசிக்க வந்த பிள்ளைகள் இதைக் கேட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் மறைபொருள் எழுதப்பட்ட அகராதி ஒன்று எங்கோ இருக்கிறது, அது தங்கள் கைக்கு மட்டும் எட்டவில்லை என்று நம்பிவிடுகிறார்கள். கவிதை தமக்கு வராது என்று அவர்களில் பலர் ஒதுங்கிப் போவதை நேரில் கண்ட வருத்தத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அப்படியோர் அகராதி கிடையாது. வீட்டில் கிடக்கும் ஒரு சாதாரணப் பொருளுக்குக் கூடுதல் கனத்தை ஏற்றுவது அந்தந்தக் கவிதையே. அதைக் கண்டுகொள்ள, அந்தப் பொருள் வாழ்க்கையில் என்ன வேலை செய்கிறது என்ற அறிவும், பாட்டின் சொற்களை விட்டு விலகாத பொறுமையும் போதும்.

தொடங்குமுன் ஒரு சிறு ஏற்பாடு. தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் கையில் எடுக்கும் சாமானையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும். இந்த மொழியின் அழகுகளில் ஒன்று அது. ஆனால் இங்கே குழப்பம் வரும். ஆகவே சாமானைப் பொருள் என்றும், அது உணர்த்துவதை அர்த்தம் என்றும் எழுதுகிறேன்.

கூண்டும் செருப்பும்

கடலில் புயல் உருவானால் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அதற்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. ஓர் எண்ணுக்கு ஓர் அர்த்தம்தான். அது குளச்சலிலும் தூத்துக்குடியிலும் ஒன்றே. கூண்டைப் பார்த்து, எனக்கு இது வேறு மாதிரித் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் உயிருக்கு ஆபத்து. இப்படி முன்கூட்டியே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அர்த்தத்தைத் தருவதற்குச் சமிக்ஞை என்று பெயர்.

இனி இன்னொன்றை நினைத்துப் பார்ப்போம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தது. கடலில் இருந்த நம் மீனவர்களில் பலர் திரும்பவில்லை. அப்படியொரு வீட்டு நடையில், கடலுக்குப் போனவர் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் வரை அது காலில் மாட்டிக்கொள்ளும் செருப்புதான். வழியில் கிடந்தால் காலாலேயே ஒதுக்கிவிட்டு நடந்திருப்பார்கள். பத்தாம் நாள் அதே செருப்பை எடுத்து உள்ளே வைக்கவும் அந்த வீட்டாருக்குக் கை வராது, வெளியே போடவும் மனம் வராது. செருப்பு மாறவில்லை. குதிகால் பக்கம் தேய்ந்த தேய்வும் அப்படியே இருக்கிறது, ஒரு வாரைச் சேர்த்துக் கட்டிய நூலும் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அதில் காத்திருப்பும் அச்சமும், வருவார் என்ற பிடிவாதமும் சேர்ந்து நிற்கின்றன. அதற்கு எண் கொடுத்த துறைமுகம் எதுவும் இல்லை. அது கிடக்கும் இடமும் கடந்துபோன நாட்களும் சேர்ந்து அந்தக் கனத்தை ஏற்றிவிட்டன.

இப்படி, ஒரு பொருள் தன் உருவையும் தன் வேலையின் நினைவையும் இழக்காமலே, தான் இருக்கும் இடத்தாலும் நிலையாலும் தன்னைவிடப் பெரிய ஒன்றைச் சுமந்து நிற்கும்போது அதைக் குறியீடு என்கிறோம்.

சுருங்கச் சொன்னால், சமிக்ஞைக்கு அர்த்தம் வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. குறியீட்டுக்கு அர்த்தம் சூழலுக்குள்ளிருந்து முளைக்கிறது. சன்னல் என்றால் விடுதலை என்று பாடம் செய்கிறவர்கள் குறியீட்டைக் கூண்டைப் போல வாசிக்கிறார்கள்.

'போல' வந்தால் வேறு கணக்கு

குறியீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு. முதலில் உவமை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டைப் 'போல', 'அன்ன' போன்ற சொல்லால் வெளிப்படையாகக் காட்டுவது உவமை. குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார்,

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணில் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போல

என்று பாடுகிறார். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவல் இருப்பவனுக்கு எடுக்கக் கையும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிகிறது. காதல் நோய் அப்படிப் பரவிவிட்டது என்கிறான் தலைவன். இதைவிட நெஞ்சைப் பிடிக்கும் ஒப்பீட்டை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் தலைவன் நிற்கும் இடத்தில் வெண்ணெய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பிடுவதற்காக வரவழைக்கப்பட்ட வெண்ணெய் அது.

ஒப்பிடும் சொல்லையும் எடுத்துவிட்டு, இதுவே அது என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உருவகம். பொய்கையாழ்வார் 'வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக' என்று பாடும்போது உலகமே அகலாகவும், கடலே நெய்யாகவும், சூரியனே சுடராகவும் ஆகிவிடுகின்றன. நம் வீட்டுத் திண்ணையில் ஏற்றிவைக்கும் விளக்கு இங்கேயும் இல்லை.

கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ நேரே தெரியும்படி சொற்களால் வரைந்த காட்சிக்குப் படிமம் என்று பெயர். எல்லாப் படிமமும் குறியீடு ஆவதில்லை. கவிதையில் வரும் கிணறு பல சமயம் கிணறுதான்.

ஆகவே புதிதாக வாசிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்தப் பொருள் பாட்டு நடக்கும் இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, ஒப்பிடுவதற்காக மட்டும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதா? பாட்டுக்குள் உண்மையாக இருந்துகொண்டே தன்னைத் தாண்டியும் பேசும் பொருளிடம்தான் குறியீட்டைத் தேட வேண்டும்.

அதங்கோடு வரை போய்வரலாம்

குறியீடு வெளிநாட்டுச் சரக்கு, பழந்தமிழுக்குத் தொடர்பில்லாதது என்றும் சிலர் சொல்கிறார்கள். தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. விளவங்கோடு வட்டத்தின் அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்று நம் மாவட்டத்துக்காரர்கள் பெருமையோடு சொல்வது வழக்கம். அந்தத் தொல்காப்பியம் உள்ளுறை என்ற ஒன்றைப் பேசுகிறது. நிலத்தில் உள்ள மரம், விலங்கு, பறவை முதலியவற்றின் செயலைச் சொல்லி, மனிதர்களின் செயலை வெளிப்படையாகச் சொல்லாமலே உணரவைப்பது உள்ளுறை.

குறுந்தொகையின் 8ஆம் பாட்டில், வயலோரத்து மாமரத்தில் விளைந்து தானாக விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன் என்று ஒருவனை ஒரு பரத்தை அறிமுகம் செய்கிறாள். குளக்கரையில் மாமரம் நிற்கும் ஊரில் வளர்ந்தவருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேலோட்டமாக அது ஊர் வருணனை. ஆனால் பேசுகிறவள் யார் என்று நினைத்தால், தேடிப்போகாமலே வாய்க்கு வந்து விழும் பழம் எது, அதைக் கவ்விய மீன் எது என்று நமக்கே புரிந்துவிடுகிறது. ஒரு 'போல' கூட அங்கே தேவைப்படவில்லை. குறியீடும் உள்ளுறையும் முழுக்க ஒன்றல்ல. உள்ளுறைக்கு இலக்கணம் வகுத்த எல்லைகள் உண்டு, குறியீடு அந்த அளவுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஆயினும் சொல்லாமல் உணர்த்தும் வேலையில் இரண்டும் நெருங்கிய சொந்தங்கள்.

ஓர் அடுப்பு

இனி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பார்ப்போம். புறநானூற்றின் 164ஆம் பாட்டு. பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். பாடப்பட்டவன் குமணன், தம்பி நாட்டைப் பறித்துக்கொண்டதால் காட்டில் இருந்தவன். பாட்டு இப்படித் தொடங்குகிறது:

ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின்
ஆம்பி பூப்பத் தேம்புபசி உழவாப்
பாஅல் இன்மையின் தோலொடு திரங்கி
இல்லி தூர்ந்த பொல்லா வறுமுலை
சுவைத்தொறு அழூஉம்தன் மகத்துமுகம் நோக்கி
நீரொடு நிறைந்த ஈரிதழ் மழைக்கண்என்
மனையோள் எவ்வம் நோக்கி நினைஇ
நிற்படர்ந் திசினே நற்போர்க் குமண

சமைப்பதையே அடியோடு மறந்துபோன, பக்கம் உயர்ந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பசி வாட்டுகிறது. பால் இல்லாமல் தோல் சுருங்கி, பால் வரும் துளையும் தூர்ந்துபோன வறிய முலையைச் சுவைக்கும்தோறும் குழந்தை அழுகிறது. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து நீர் நிறைந்த கண்களோடு இருக்கிறாள் என் மனைவி. அவள் துயரத்தைப் பார்த்து, உன்னை நினைத்து வந்தேன், குமணா. ஆடு என்பது இங்கே சமைத்தல். ஆம்பி என்பது காளான்.

அடுப்பு வறுமையின் குறியீடு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தவறில்லை. ஆனால் அப்படி முடித்தால் பாட்டு நம் கையை விட்டு நழுவிவிடும். ஆகவே முதலில் அடுப்பை அடுப்பாகவே பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்தின் பழைய அடுக்களைகளில் வளர்ந்தவர்களுக்கு இது கடினமில்லை. விடியுமுன் சாம்பலை வாரி, கதம்பையும் (தேங்காய் மட்டை) கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) வைத்துத் தீ மூட்டினால், சம்பா அரிசிக் கஞ்சி கொதித்து இறங்கும். பிறகு மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கு வேகும். பனைக்காலத்தில் பனையேறிகளின் வீடுகளில் அக்கானி என்ற பதநீர் கருப்பட்டிப் பதம் வரும்வரை மணிக்கணக்கில் காயும். இரவில் தீ அணைந்த பின்னும் சாம்பலுக்கு அடியில் கனல் கிடக்கும். காலையில் கிளறி ஊதினால் அதுவே பிடித்துக்கொள்ளும். ஆள் வாழும் வீட்டின் அடுப்பு முழுதாகக் குளிர்வதே இல்லை.

திருவட்டாறு பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீட்டை, அம்மா எங்களோடு நாகர்கோவிலுக்கு வந்த பிறகு, சில மாதங்கள் பூட்டியே போட்டிருந்தோம். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஐப்பசி முடிவில் அம்மாவோடு போய்த் திறந்தபோது, அடுக்களையில் ஓர் ஓடு விலகி ஒழுகியிருந்தது. அடுப்புச் சாம்பல் நீர் கோத்துக் கட்டியாக உறைந்து கிடந்தது. பாதி எரிந்து நின்ற ரப்பர் விறகின் முனையில், விரல் நகம் அளவில் வெள்ளைக் காளான்கள் வரிசையாக விரிந்திருந்தன. அம்மா அவற்றைப் பிடுங்கவில்லை. உள்ளங்கையை விரித்து அடுப்பின்மேல் வைத்துப் பார்த்தார்கள், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பல ஆண்டுகளாக நான் வாசித்துவந்த இரண்டு வரிகள் அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு முழுவதும் விளங்கின.

காளான் முளைக்க என்ன வேண்டும்? ஈரம் வேண்டும், மக்கும் பொருள் வேண்டும், சூடு தாக்காத நாட்கள் வேண்டும். தீ மூட்டிய அடுப்பில் அது முளைக்க வழியே இல்லை. ஆகவே 'ஆம்பி பூப்ப' என்ற இரண்டு சொற்கள், இந்த வீட்டில் நெடுநாளாகத் தீ மூட்டவில்லை என்ற செய்தியைச் சான்றோடு சொல்லிவிடுகின்றன. புலவர் நாள் கணக்குச் சொல்லவில்லை, காளான் சொல்கிறது. 'கோடுயர்' என்ற அடைமொழியையும் நான் இந்த வழியிலேயே வாசிக்கிறேன்: பானைகள் ஏறி இறங்கி உரசினால் மண்ணடுப்பின் விளிம்பு தேயும், இது உயர்ந்தே நிற்கிறது.

அடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டு எதைக் கொண்டுவந்து வைக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுப்பை அடுத்து வருவது தாயின் முலை. வீட்டில் உள்ளவர்களுக்கு உணவு தரும் இடங்கள் இரண்டு: பெரியவர்களுக்கு அடுப்பு, பச்சைக் குழந்தைக்குத் தாய். இரண்டும் வற்றிவிட்டன. இரண்டையும் ஒப்பிடும் சொல் ஒன்றுகூட இல்லை. அடுத்தடுத்து வைத்ததே போதுமாயிற்று.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஈரமும் உலர்வும் இடம் மாறிக் கிடப்பது தெரியும். உலர்ந்து சூடாக இருக்க வேண்டிய அடுப்பு ஈரமாகிக் காளான் பூக்கிறது. ஈரம் சுரக்க வேண்டிய முலை தோலாகச் சுருங்கி உலர்ந்திருக்கிறது. பாலாக வந்திருக்க வேண்டியது கண்ணீராக வருகிறது. மறந்த, இன்மை, திரங்கி, தூர்ந்த, வறு என்று இல்லாமையையே அடுக்கிவரும் இந்த வரிகளில் 'நிறைந்த' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அந்த நிறைவும் கண்ணீரின் நிறைவு. அதுபோலவே, அந்த வீட்டில் செழித்து வளர்வதாகப் பாட்டு காட்டும் ஒரே உயிர் காளான். அதற்கு முளைத்தல் என்ற வினையைக் கொடுக்காமல், மலருக்கு உரிய 'பூப்ப' என்பதைக் கொடுத்திருக்கிறார் புலவர். குழந்தை வாட, காளான் பூக்கிறது.

இப்போது அந்த அடுப்பு எதைச் சுமக்கிறது என்று சொல்லிப் பார்க்கலாம். வறுமையை மட்டும் அன்று. இயல்பு தலைகீழான ஒரு வீட்டை, ஊட்ட வேண்டியவை ஊட்ட மறந்த நிலையை, அது சுமக்கிறது. இதை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அடுப்பின் வேலை, பாட்டில் அதன் நிலை, அதன் பக்கத்தில் இருப்பவை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தது.

மாற்றி வைத்துப் பார்த்தல்

நம் வாசிப்பு சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அந்தப் பொருளை எடுத்துவிட்டு அதே வீட்டிலிருந்து வேறொன்றை வைத்துப் பார்ப்பது. அடுப்புக்குப் பதில் வெறும் பானை என்று வைப்போம். பானை வெறுமையாக இருப்பது இன்றைக்கு அரிசி இல்லை என்பதைச் சொல்லும். அடுத்த வீட்டில் நாழி அரிசி வாங்கினால் மாலையில் நிறைந்துவிடும். பானையை நகர்த்தலாம், விற்கலாம். அடுப்போ தரையோடு சேர்ந்தது, வீட்டின் உறுப்பு. அதில் தீ இல்லாமற் போனால் வீடே குளிர்ந்துவிட்டது என்றாகிறது. பானையை வைத்ததும் பாட்டின் பாதி உயிர் போய்விடுகிறதென்றால், அடுப்பு வெறும் சாமானாக அங்கே இல்லை என்பது உறுதி.

இந்தப் பாட்டைப் பேசிய ஒரு மாலையில், அடுப்பு பெண்ணின் அடிமைத்தனத்தின் குறியீடு என்று ஒரு தம்பி உறுதியாகச் சொன்னார். அவர் சொன்ன கருத்து உண்மையான வாழ்க்கையிலிருந்து வந்தது. அடுப்பில் தம் ஆயுளைக் கரைத்த பெண்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு, அதைப் பாடும் கவிதையில் அடுப்பு அந்த அர்த்தத்தைத் தாராளமாகச் சுமக்கும். ஆனால் இந்தப் பாட்டில் அடுப்பு அணைந்திருப்பது அந்தப் பெண்ணுக்கு விடுதலையாக வரவில்லை, கண்ணீராக வருகிறது. பாட்டின் சொற்கள் ஒரு பக்கம் போகும்போது நாம் மறுபக்கம் இழுக்கக் கூடாது. ஒரே பொருள் இரண்டு கவிதைகளில் இரண்டு விதமாகப் பேசலாம். ஒரு கவிதைக்குள் அது அந்தக் கவிதைக்குக் கட்டுப்பட்டது.

வேலும் பாளை அரிவாளும்

பொருளின் நிலை எப்படி அர்த்தம் தருகிறது என்பதற்கு இன்னொரு பாட்டைச் சுருக்கமாகக் காட்டலாம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் இரண்டு இடத்து வேல்களைச் சொல்கிறார். இங்கே, தொண்டைமானிடம் உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுடைய அரண்மனையில் இருக்கின்றன. அங்கே, அதியமானிடம் உள்ளவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. வேல்களைப் பற்றி அவ்வளவுதான். யார் வீரர் என்று அவர் சொல்லவே இல்லை.

நம் ஊரில் இதை விளக்க வேல் வேண்டாம். பனையேறியின் இடுப்பில் அரிவாள் பெட்டிக்குள் இருக்கும் பாளை அரிவாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தீட்டித் தீட்டி அதன் அலகு ஒடுங்கியிருக்கும், பிடி கையின் வியர்வையில் கறுத்திருக்கும். கண்ணாடிப் பெட்டியில் பளபளப்பாக வைத்த அரிவாளையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கம் தேவைப்படாது.

எதுவரை போகலாம்

குறியீடு தேடக் கற்றுக்கொண்டவருக்கு அடுத்து வரும் ஆபத்து, எல்லாவற்றிலும் அதைக் காண்பது. எனக்கும் அது நேர்ந்ததுண்டு. சாத்தனாரின் அதே பாட்டு முடியும் இடத்தில், நரம்பு கட்டிய யாழும் 'மண்ணமை முழவும்' கொண்ட கூத்தரின் வறுமையைத் தீர்க்கும் குடியில் பிறந்தவன் என்று குமணன் புகழப்படுகிறான். முழவின் தோலில் பூசும் மண்சாந்தையே அங்கே மண் என்கிறார். அதைப் படித்த நாளில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி: தொடக்கத்தில் மண்ணால் ஆன அடுப்பு ஊமையாகக் கிடக்கிறது, முடிவில் மண் பூசிய முழவு ஒலிக்கிறது, ஒரே மண் இரண்டு வீடுகளைக் காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பாட்டைத் திரும்பப் படித்தபோது அந்தக் குறிப்பின்மேல் கோடு போட வேண்டியதாயிற்று. அடுப்பு மண்ணால் ஆனது என்று பாட்டில் எங்கும் இல்லை. அதை நான் என் வீட்டு அடுக்களையிலிருந்து கொண்டுபோய் வைத்திருந்தேன். காளானுக்கு ஈரம் வேண்டும் என்பதும் பாட்டில் இல்லைதானே என்று கேட்கலாம்; ஆனால் காளான் பாட்டில் இருக்கிறது, ஈரமில்லாமல் காளான் இல்லை. மண்ணுக்கு அப்படியொரு பிடி இல்லை. 'கோடுயர்' பற்றி நான் மேலே சொன்னதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அதை என் வாசிப்பு என்று மட்டும் சொல்வேன், பாட்டின் கூற்று என்று சொல்லமாட்டேன்.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட அந்த வரிக்குக் கீழே, 'சுவைத்தொறு அழூஉம்' என்ற சொற்களை மட்டும் தனியே எழுதியிருக்கிறேன். அங்கே பொருளும் இல்லை, குறியீடும் இல்லை. ஒரு குழந்தை, ஒவ்வொரு முறை வாய் வைக்கும்போதும் அழுகிறது.